தற்புகழ்ச்சியும் சுயவிபரக் கோவையும்

(பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர், மடுல்கெல்ல)

விழாமலர் ஒன்றிலே தமிழாசிரியன் கட்டுரை எழுதப் புகுந்தால், அது கம்பனின் கவிநயம் பற்றியோ சங்கச் சான்றோர் வாழ்வு பற்றியோ அமையும் என எதிர்பார்த்தல் இயல்பே. மலர்க்குழுவினரும் எம்மிடம் அத்தகையதொன்றையே எதிர்பார்த்திருப்பர். அவர்தம் எண்ணத்தைப் பொய்யாக்குவதற்கு முதற்கண் மன்னிப்பு வேண்டுகின்றோம். யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் சுயவிபரக் கோவை. இளைஞர் நாவிலே 'சீ.வி.' என வழங்குவதும், வேலை தேடுவோர் கைப்பையிலே மடிப்புக் குலையாமற் கிடப்பதுமாகிய இரண்டு தாள்தான் அது. இலக்கியமன்று, ஆயினும் இதனை எழுதுதற்கும் இலக்கணம் உண்டு என்பதும், அவ்விலக்கணத்தைத் தமிழர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வகுத்துவிட்டனர் என்பதும் எம் துணிபு.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் இன்று மேசைக்கு அப்புறத்தே அமர்ந்திருப்பவர். வங்கியிலும், வணிக நிலையத்திலும், அரச அலுவலகத்திலும் நேர்முகப் பரீட்சைக் குழுவினராய் இருந்து, பிறர் அனுப்பிய தாள்களைப் புரட்டிப் பார்ப்பவர். இன்றைய மாணவரோ, இன்னும் சில ஆண்டுகளில் அம்மேசைக்கு இப்புறத்தே வந்து நிற்கப்போகின்றவர். இரு சாராரையும் ஒருங்கே விளித்துப் பேசும் வாய்ப்பு விழாமலரன்றி வேறெங்கும் எமக்குக் கிடைப்பதரிது. அதனாலேயே இப்பொருளைத் தேர்ந்தோம்.

யாம் பணிபுரியும் ஊர் மடுல்கெல்ல. நம்மவர் அதனை மடுல்கலை என்பர். கண்டியிலிருந்து வத்தேகமையையும் பன்விலையையும் கடந்து, நக்கிள்ஸ் மலைச்சாரலை நோக்கி ஏறிச் செல்லும் பேருந்து எம்மை அங்கே இறக்கிவிடும். எம் மாணவருட் பெரும்பாலார் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து வருபவர். க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வெளிவருமுன்னரே, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எம் வீட்டு வாயிலில் நான்கைந்து சோடிச் செருப்புகள் கழற்றி வைக்கப்பட்டிருக்கும். "சேர், ஒரு சீ.வி. எழுதித் தாங்க" என்பதே வந்தவர் வேண்டுகோள். 'எழுதுவது எப்படி' என்று கேட்பவர் மிகச் சிலரே. 'எழுதித் தாருங்கள்' என்பவரே பலர். இவ்விரண்டற்கும் இடையேயுள்ள தூரம் சிறிதன்று.

இம்மலைநாட்டுத் தமிழரைப் பற்றிய தாள்களை எழுதியோர் எப்பொழுதும் பிறராகவே இருந்து வந்துள்ளனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கடல் கடந்து வந்தவரின் கழுத்தில் தகர வில்லையொன்று தொங்கியது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. பெயருக்கு அதில் இடமில்லை. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டின் 'துண்டு' எனப்பட்ட சீட்டு வேண்டும். அச்சீட்டைத் துரை எழுதிக் கொடுப்பார். அவன் எத்துணை வல்லவன், எந்த மலையில் எவ்வளவு காலம் உழைத்தான் என்பன அதன் பொருளல்ல. அவன்மீது எவ்வளவு கடன் நிற்கின்றது, அதனைத் தீர்ப்பவர் அவனை அழைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலேதான் அம்முறை ஒழிந்தது. நம் பாட்டனார் வேலைக்கு எடுத்துச் சென்ற சுயவிபரக் கோவை அத்துண்டுதான் என்று சொன்னாலும் பிழையாகாது. அதிலே எழுதப்பட்ட ஒரே தகைமை கடன்.

பின்னர் வந்தது குடியுரிமைக் காலம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பிக்க வழி திறந்து, 1951 ஓகஸ்ட் 5ஆம் தேதியோடு அவ்வழியை அடைத்தது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை ஆவணங் காட்டி நிறுவ வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்விண்ணப்பங்களில் அடங்கினர். உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. ஒரு தேதி பிழைத்தமையாலும், ஒரு பெயரின் எழுத்து மாறியமையாலும் தள்ளுண்ட விண்ணப்பங்கள் பல. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் மனிதரை எண்ணிக்கையாற் பங்கிட்டது. எஞ்சியோர்க்கும் குடியுரிமை முற்றாகக் கைகூடியது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே. எம் மாணவருள் இளையோர் இவற்றைக் கதையாகவே கேட்பர். ஆனால் அவர் வீடுகளில் தகரப் பெட்டியின் அடியிலே பழுப்பேறிய கடிதக்கட்டுகள் இன்றும் உள. விண்ணப்பம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் முதியவர் முகம் மாறுவதை யாம் கண்டிருக்கின்றோம்.

இத்தகைய வரலாறு உடைய ஒரு சமூகத்திலே, ஓர் இளைஞன் வெள்ளைத்தாளை எடுத்து, தன்னைப் பற்றித் தானே, தன் சொல்லால் எழுதுவது சிறு காரியமன்று. அதனை அவன் பிறரிடம் ஒப்படைத்து விடுகின்றானே என்பதே எம் மனக்குறை.

ஏன் ஒப்படைக்கின்றான்? ஆங்கிலம் வாராமை ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் நாணம். "நம்மளப் பத்தி நாமளே பெருமையா எழுதுறது எப்படி சேர்?" என்று தலைகவிழ்ந்து கேட்ட மாணவரை யாம் அறிவோம். அடக்கம் அமரருள் உய்க்கும் என்று கற்பித்தவர் நாமே. தன்னைத் தானே வியத்தல் தகாது என்று கரும்பலகையிலே எழுதிப் போட்டவரும் நாமே. அவ்வாறு வளர்ந்த பிள்ளை, 'உமது திறமைகள் யாவை' என்று தாள் வினவும்போது திகைத்து நிற்பது வியப்பன்று.

இவ்விடத்தேதான் பவணந்தி முனிவர் நமக்குத் துணையாகின்றார். 13ஆம் நூற்றாண்டிலே அவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியில் இப்பொருள் ஆராயப்படுகின்றது. எத்துணை அரிய நூலைச் செய்தவனாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகுதியன்று என்பது முனிவர் கூறும் பொது விதி. நம் மாணவர் அறிந்தது இந்த விதியை மட்டுமே. ஆயின் அதற்கு அடுத்த சூத்திரத்திலேயே முனிவர் நான்கு விலக்குகளை வகுக்கின்றார். அரசனுடைய அவைக்கு ஓலை எழுதி விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவே நிற்கும்போதும், அவையிலே வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிராளி தன்னைப் பழித்தவிடத்தும் புலவன் தன்னைப் புகழ்ந்து கூறுதல் தகும் என்பது அவர் முடிபு.

வேலைக்கு விண்ணப்பிப்போன் நிலை யாது? அவன் மன்றத்துக்கு ஓலை விடுக்கின்றான். தன் ஆற்றலை அறியாதவர் முன் நிற்கின்றான். நூற்றுவரோடு போட்டியிட்டு வெல்ல வேண்டியும் இருக்கின்றான். முனிவர் கூறிய நான்கனுள் மூன்று அவன்பால் ஒருங்கே பொருந்துகின்றன. தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று இகழ்வார் உளராயின் நான்காவதும் பொருந்திவிடும். ஆகவே மாணவர்காள், உம் தகுதியை உள்ளவாறு எழுதுதல் அடக்கமின்மையன்று. இலக்கணம் இசைவு தந்துள்ளது.

நன்னூல் இன்னும் ஒன்று கூறும். நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்யத்தக்கவர் யாரெனின், நூலாசிரியனின் ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் ஆகியோர். உறவினர் அப்பட்டியலில் இல்லை. இன்றைய விண்ணப்பங்களின் இறுதியிலே 'உறவினர் அல்லாத இருவரின் பெயரும் முகவரியும்' கேட்கப்படுகின்றனவே, அதன் கருத்தும் இதுவே. அவ்விடத்தில் யாரென்றே அறியாத பெருமக்களின் பெயரை எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பாராளுமன்ற உறுப்பினர் பெயர் எழுதினால் கதவு திறக்கும் என்பது அவர் எண்ணம். தொலைபேசியில் வினவினால் 'அப்பெயரை யாம் கேட்டதில்லை' என்று விடை வரும். உம்மைக் கற்பித்தவரை எழுதுக. எழுதுமுன் அவரிடம் சொல்லி இசைவு பெறுக. எம்மைக் கேளாமலே எம் பெயரை எழுதியவர் பலர் என்பதை இவ்விடத்திற் சற்றே முறையிட்டுக்கொள்கின்றோம்.

இனி எம் குற்றமொன்றைக் கூறவேண்டும். அதனைக் கூறாது அறிவுரை மட்டும் எழுதுதல் நேர்மையாகாது.

ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்னர், உயர்தரத்தில் வணிகப் பிரிவிற் சித்தியெய்திய மாணவி ஒருத்தி எம்மிடம் வந்தாள். நகரத்து நிறுவனமொன்று கணக்கு எழுதுவதற்கு ஆள் தேவையென விளம்பரம் செய்திருந்தது. அவள் கொப்பித் தாளிலே தன் கையாலேயே எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். தன் லயத்தோடு சேர்ந்த குடும்பங்களின் மரண உதவிச் சங்கக் கணக்கை மூன்றாண்டுகளாகத் தானே எழுதி வருவதாகவும், மாதச் சந்தா திரட்டி, வரவு செலவைக் கூட்டத்திலே வாசித்துக் காட்டுவதாகவும், ஞாயிறுதோறும் அறநெறிப் பாடசாலையிலே சிறுவர்க்குக் கற்பிப்பதாகவும் அதிலே கண்டிருந்தது. தாயார் கொழுந்தெடுக்கச் செல்வதால் வீட்டுப் பொறுப்பும் தன்னதே என ஒரு வரியையும் சேர்த்திருந்தாள்.

யாம் சிவப்பு மையை எடுத்தோம். "இதெல்லாம் எழுதினாச் சிரிப்பாங்க மகள்" என்றோம். மரண உதவிச் சங்கத்தை அடித்தோம். அறநெறிப் பாடசாலையை அடித்தோம். 'அனுபவம்' என்பதற்கு நேரே 'இல்லை' என எழுதினோம். முகவரியிலே தோட்டத்தின் பெயர் வேண்டா என்று கருதி, நகரத்திலே கடை வைத்திருந்த அவள் மாமனாரின் முகவரியை இடுவித்தோம். அவள் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. ஆசிரியர் சொல்லை மறுக்கும் வழக்கம் அவளிடத்தில் இல்லை. அந்நிறுவனத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வரவில்லை. யாம் அடித்த அடிகளே அதற்குக் காரணம் என்று உறுதியாய்ச் சொல்லமாட்டோம், விண்ணப்பித்தோர் பலராயிருக்கலாம். ஆயினும் கணக்கு எழுதத் தெரிந்தவரைத் தேடிய ஓரிடத்துக்கு, மூன்றாண்டு கணக்கு எழுதிய ஒருத்தியை 'அனுபவம் இல்லை' எனச் சான்றுபகர்ந்து அனுப்பியவர் யாமே. துண்டு எழுதிய துரைக்கும் எமக்கும் அன்று என்ன வேறுபாடு இருந்தது என்று பின்னர்ப் பலகால் எண்ணியதுண்டு. அவள் இப்பொழுது மேல்மாகாணத்து ஆடைத் தொழிற்சாலையொன்றிலே நாளாந்த உற்பத்திக் கணக்கைப் பேணுகின்றாள் என்று அவள் தம்பி வாயிலாக அறிகின்றோம்.

அன்று முதல் எம் கொள்கை மாறியது. எம்மிடம் வருவோர்க்கு யாம் எழுதிக் கொடுப்பதில்லை. முதலில் அவரைப் பேசவைக்கின்றோம். கடந்த மூன்றாண்டுகளிலே எதைப் பொறுப்பேற்றுச் செய்தாய், எத்தனை பேருக்காக, எத்துணைக் காலம், யார் அதற்குச் சாட்சி என்று வினவுகின்றோம். 'ஒன்றுமில்லை சேர்' என்பதே எல்லாரும் முதலிற் சொல்லும் விடை. அரைமணி நேரம் சென்றபின், விளையாட்டுக் கழகத்தின் செயலாளராய் இருந்தமை வெளிவரும். பிள்ளை மடுவத்திலே தாயாருக்குத் துணைநின்று இருபது குழந்தைகளைப் பார்த்தமை வெளிவரும். கொழுந்து மடுவத்தில் நிறுவைப் பிழையைக் கண்டுபிடித்துக் கணக்கப்பிள்ளையிடம் எடுத்துரைத்தமையும் ஒருமுறை வெளிவந்தது. இவற்றையே எழுதச் சொல்கின்றோம்.

நகரத்துக் கொமினிகேஷன் கடைகளில் ஆயத்தமாய்க் கிடைக்கும் கோவைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கணினியிலே ஒரு மாதிரி இருக்கும். பெயரையும் பிறந்த தேதியையும் மாற்றி அச்சிட்டுத் தருவர். முதல் வரியிலேயே 'சவால் மிக்க சூழலில் எனது ஆற்றல்களை வெளிப்படுத்தி நிறுவனத்தின் உயர்வுக்குப் பங்களிப்பதே என் இலட்சியம்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் நிற்கும். பத்துப் பேர் சென்றால் பத்துப் பேருக்கும் அதே இலட்சியம்! தலைமைத்துவப் பண்பு, கூட்டாக உழைக்கும் இயல்பு, நேரந் தவறாமை என்பனவும் அப்படியே. நேரந் தவறாமை என்று எழுதியவர் முடிவுத் தேதிக்கு மறுநாள் விண்ணப்பத்தைக் கொண்டுவந்த வேடிக்கையையும் கண்டிருக்கின்றோம். இந்நாளிலோ கைப்பேசியிலே வினவினால் செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதில் முழுக் கோவையையும் இயற்றிவிடுகின்றது. பிழை திருத்தவும் ஆங்கிலத்தைச் செப்பனிடவும் அதனைக் கொள்வதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் மரண உதவிச் சங்கத்துக் கணக்கை அது அறியாது. நீர் சொன்னாலன்றி அறியமாட்டாது.

உலக வரலாற்றிலே முதற் சுயவிபரக் கோவை எனப் பலர் எடுத்துக்காட்டுவது லியொனார்டோ டா வின்சியின் கடிதமொன்றை. 1482ஆம் ஆண்டையொட்டி, மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்ஃபோர்சாவுக்கு அவர் எழுதக் கருதியது அது. உலகம் போற்றும் ஓவியர் அக்கடிதத்தில் ஓவியத்தைக் கடைசியிலே வைத்தார். எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், அகழி நீரை வடிக்கும் வகை, பீரங்கிகள், மூடிய தேர்கள் எனப் போர்க்கலைத் திறன்களையே முன்னிரையாக எழுதினார். அவ்வரசர்க்கு அன்று வேண்டியவை அவையே. நன்னூலார் பாயிரத்துக்கு வேண்டிய பொருள்களுள் 'கேட்போர்' என்றும் 'பயன்' என்றும் இரண்டைச் சேர்த்தமையை இங்கே நினைவுகூர்க. வங்கிக்கும் பாடசாலைக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் ஒரே தாளை நகலெடுத்து அனுப்புவோர், கேட்போர் யாரென்பதை மறந்தவராவர். லியொனார்டோ தாம் கூறிய எல்லாவற்றையும் அதற்குமுன் செய்து காட்டியவரல்லர் என்பது வேறு. அவ்விடயத்தில் அவரைப் பின்பற்ற வேண்டா. ஆயினும், ஐயமுண்டாயின் தங்கள் சோலையிலேயே செய்து காட்ட ஆயத்தமாயுள்ளேன் என்று அவர் முடித்தாரே, அத்துணிவு நம்மவர்க்கு வேண்டும். எழுதியது எதுவாயினும், கேட்டால் செய்து காட்ட இயலவேண்டும்.

சில சிறு செய்திகளையும் கூறிவிடுகின்றோம். பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளவாறே எழுதுக. மலைநாட்டிலே ஒருவர் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவாறும், பாடசாலைப் பதிவிலே வேறொருவாறும், தேசிய அடையாள அட்டையிலே மற்றொருவாறும் இருத்தல் மிகுதி. இராமையா ராமையாவாகி, ஆங்கிலத்தில் மூன்று வகையாக எழுதப்பட்டிருப்பார். இதனைத் திருத்துவதற்குப் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளரை நாடவேண்டும். திங்கள் பல செல்லும். வேலை விளம்பரம் வந்தபின் ஓடுவதிற் பயனில்லை. ஒன்பதாம் பத்தாம் வகுப்பிலேயே பெற்றோர் கவனித்தல் நன்று. பரீட்சைப் பெறுபேற்றோடு ஆண்டையும் சுட்டெண்ணையும் தருக. கோவை இரண்டு தாளுக்கு மேற்படின், படிப்போர் இரண்டாவதோடு நிறுத்திவிடுவர்.

அரச பதவிகளுக்குச் சுயவிபரக் கோவை பயன்படாது. வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானியிலே கண்ட மாதிரிப் படிவத்தின்படியே விண்ணப்பத்தை ஆக்கி, பதவியின் பெயரைக் கடிதவுறையின் இடப்பக்க மேல்மூலையில் எழுதி, பதிவுத் தபாலில் முடிவுத் தேதிக்குமுன் சேர்ப்பிக்க வேண்டும். கையொப்பமிட மறந்தவர் கதைகள் பல உள. தமிழிலே விண்ணப்பித்தால் ஒதுக்கிவிடுவர் என்று அஞ்சி, தமக்குச் சரிவரத் தெரியாத மொழியிற் படிவம் நிரப்புவோர் கண்டி மாவட்டத்திலே இன்னும் உளர். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியுள்ளது என்பதை அவர்க்கு நினைவூட்டுகின்றோம்.

முகவரியைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இன்மை நம் மக்களின் நெடுங்காலக் குறை. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் அலுவலகத்திலே தங்கி, யாரேனும் அவ்வழியே வருபவர் கையிற் கொடுத்தனுப்பப்பட்டு, வீடு சேரும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்து இரண்டு நாளின் பின் வந்து சேர்ந்ததை யாம் கண்ணாரக் கண்டோம். அன்று அவ்வீட்டில் ஒருவரும் உரக்கப் பேசவில்லை. ஆதலின் தோட்டத்தின் பெயர், பிரிவு, லய எண் ஆகிய அனைத்தையும் தெளிவாக எழுதி, தொலைபேசி எண்ணையும், இயலுமாயின் நம்பிக்கையான ஓர் ஆசிரியரின் அல்லது பாடசாலையின் முகவரியையும் சேர்த்தல் நலம். அந்த எண்ணுக்குரிய கைப்பேசி தம்பியின் கையில் விளையாட்டுக்கருவியாய் இருத்தலாகாது.

தோட்டத்தின் பெயரை எழுதவே வேண்டா என்பாரும் நம்மிடையே உளர். நம் பழைய மாணவரும் எம் நண்பருமாகிய ஒருவர், பெரிய நிறுவனமொன்றில் ஆட்களைத் தெரிவுசெய்யும் குழுவில் நெடுநாள் இருந்தவர், எம்மோடு இதுபற்றி வாதிட்டார். "முகவரியைப் பார்த்தே தாளைக் கீழே வைப்பவரை நான் கண்டிருக்கிறேன். பிள்ளை முதலில் உள்ளே போகட்டும். பிறகு எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளட்டும்" என்றார். அவர் கூற்றை யாம் எளிதிற் புறந்தள்ளவில்லை. பசியோடிருப்பவனுக்குக் கொள்கை கற்பிப்பது எளிது என்பதையும் அறிவோம். ஆயினும், மறைத்துச் சென்ற பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலே பிறந்த இடம் எழுதப்பட்டேயிருக்கும். மேசைமீது அதனை விரிக்கும் கணத்தில், தான் எதையோ களவு செய்தவன்போல் அவன் நடுங்குவான். தெரிந்த விடையையும் அந்நடுக்கத்தில் மறப்பான். தந்தையின் தொழிலையும் சமயத்தையும் இனத்தையும் தனியார் நிறுவனம் கேளாதவிடத்து எழுத வேண்டியதில்லை. அவை தகுதியைக் காட்டுவனவல்ல. ஆனால் தான் செய்த பணியை எங்கே செய்தான் என்பதை மறைத்தால், அப்பணியையே மறைத்ததாகும். தோட்டத்தை அடித்தபோது மரண உதவிச் சங்கமும் சேர்ந்தே அடிபட்டதை மேலே கண்டோம்.

தாளைக் கீழே வைக்கும் கைகளைப் பற்றியும் சொல்லாதிருத்தல் கூடாது. அக்கைகளுட் சில நம் கல்லூரியிற் பயின்றவை. மேசைக்கு அப்புறத்தே இருக்கும் அன்பர்காள், லய எண்ணைக் கண்டவுடன் கண்ணை அகற்றாதீர். அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பாரீர். அதியமான் தன்னைக் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது, பெருஞ்சித்திரனார் அதனைக் கொள்ள மறுத்தார் என்று புறநானூறு கூறும். காணாமல் ஈந்த பொருளையே ஏற்க மறுத்த மரபில் வந்தவரைக் காணாமலே விலக்குவது எவ்வாறு தகும்? எம் மாணவர் சலுகை கேட்கவில்லை. அழைத்துப் பார்க்குமாறு மட்டுமே கேட்கின்றனர்.

இரண்டாண்டுகளுக்கு முன் எம்மிடம் வந்த மாணவன் ஒருவன், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக் கணக்கை மூன்றாண்டு எழுதியவன். அம்முறை சிவப்பு மையை யாம் தொடவில்லை. எத்தனை குடும்பம் வரி கொடுத்தது, மொத்த வரவு எவ்வளவு, செலவுக்குப் பின் எஞ்சியது எவ்வளவு, கணக்கைப் பரிசோதித்தவர் யார் என்பவற்றை நான்கு வரியில் அவனே எழுதினான். தோட்டத்தின் பெயரும் லய எண்ணும் முதற்பக்கத்திலேயே நின்றன. கண்டியிலே நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. போய்வந்த மாலையில் நேரே எம் வீட்டுக்கு வந்தான்.

"வேலை கெடைக்குமான்னு தெரியல சேர். ஆனா அரைமணி நேரம் திருவிழாக் கணக்கத்தான் கேட்டாங்க. பந்தல்காரருக்கு அட்வான்ஸ் எவ்வளவு குடுத்தீங்க, மீதிக்கு ரசீது வாங்கினீங்களா, மழை பெஞ்சு தேர் நின்ன வருஷம் நட்டத்த எப்படிச் சரிக்கட்டினீங்கன்னு ஒரு பெரியவர் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் எல்லாத்துக்கும் சொன்னேன்."

அவ்வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. இப்பொழுது வத்தேகமையிலே ஒரு மொத்த வியாபாரக் கடையில் சரக்குப் பதிவு எழுதுகின்றான், வேறிடங்களுக்கும் விண்ணப்பித்துக்கொண்டிருக்கின்றான். அந்தத் திருவிழாக் கணக்குக் கொப்பிக்கு உறையிட்டு, சான்றிதழ்க் கோப்பின் அடியிலே வைத்திருக்கின்றான். அடுத்த முறை கேட்டால் எடுத்து வைப்பதற்காம்.